செத்த பல்லியின் பிடி

தாய்லாந்தின் சியாங் மாயில், பல்லிகள் சுவரேறும் விதத்தை ஆராயும் கூடத்தில் வேலை செய்கிறேன். காலையில் ஒரு பல்லி கண்ணாடியில் ஒட்டியபடியே செத்திருந்தது.

"செத்தும் வேலைய விடல பாரு, உன்ன மாதிரியா?" என்று கூட வேலை செய்யும் வரங்கனா அக்கா சிரித்தார். "பிடி அப்படியே இருக்கும். மேல ஏறத்தான் விரலச் சுருட்டி எடுக்கணும். அதுக்கு உசிரு வேணும்."

மதியம் அது கண்ணாடியின் உச்சியில் இருந்தது.

"நீதான நகத்தின?"

"தொடவே இல்லக்கா."

மாலையில் கண்ணாடி காலி. பையோடு கிளம்பினோம். கதவு நிலைக்கு மேலே பல்லி சொன்னது. கிளம்பும்போது பல்லி சொன்னால் எங்கள் ஊரில் யாரும் வாசல் தாண்டமாட்டார்கள்.

"உக்காந்துட்டுப் போலாம்," என்றார் அக்கா.

நிமிர்ந்து பார்த்தேன். அதே பல்லிதான். அதன் கண்களை எறும்பு தின்று முடித்திருந்தது.

நாங்கள் எழுந்தோம். அது மறுபடியும் சொன்னது.