சுவரும் கண்ணாடித் துண்டும்

பழைய நூலகச் சுவரில் நெடுநாளாக ஒரு விரிசல். மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் தோண்ட வந்தவர்கள் அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டிவிட்டுப் போனார்கள்.

“இத்தனூண்டு உடம்பா என்னைத் தாங்கப் போகிறது?” என்று சிரித்தது சுவர்.

“இல்லை பெரியம்மா. நீங்கள் மயிரிழை அசைந்தாலும் நான் உடைந்துவிடுவேன். அதைப் பார்த்து வேலையை நிறுத்துவார்கள்.”

சுவரின் சிரிப்பு நின்றது.

மறுநாள் காலை, ராட்சத இயந்திரம் ஒன்று பூமியைக் குடைந்துகொண்டு அடியில் வந்தது. மலையே நகர்வது போலிருந்தது. அஸ்திவாரம் நடுங்கியது.

“பெரியம்மா!”

“பேசாதேடி,” என்ற சுவர் மூச்சை அடக்கி நின்றது.

கண்ணாடி உடையவில்லை.

இரண்டு வருடம் கழித்து முதல் ரயில் ஓடியது.

“பெரியம்மா, நம் காலடியில் ஆயிரம் பேர் போகிறார்கள்!”

“மெதுவாகச் சொல்லடி,” என்றது சுவர். “நான் இன்னும் மூச்சு விடவில்லை.”