லயத்துக்காரியைத் தேடி

“மாஸ்டர், ஞாயித்துக்கெழம கவியரங்குல லயத்துக்காரி வந்து நிக்கலன்னா என் மூக்கு அறுந்துரும்,” என்றார் பஸீல். பசறையைத் தாண்டி மலையேறிக்கொண்டிருந்த பஸ், வளைவுக்கு வளைவு அவரைப் பக்கத்து ஸீட்டு நல்லையாவின் மேல் சாய்த்தது.

பதுளையில் புத்தகக் கடை வைத்திருக்கும் பஸீல், மாதாமாதம் ஒரு சின்னப் பத்திரிகையும் நடத்துகிறார். அதில் ‘லயத்துக்காரி’ என்ற பெயரில் வரும் கவிதைகளுக்குத்தான் மவுசு. ஆள் யாரென்று தெரியாது. கவிதை ஈமெயிலில் வந்து விழும். பதில் போட்டால் சத்தமே இருக்காது. இருந்தாலும் அந்த மவுசை நம்பி ‘லயத்துக்காரி மேடையில்’ என்று நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் ஒட்டிவிட்டார்.

நல்லையா ஓய்வுபெற்ற ஆசிரியர், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவர். அந்தக் கவிதைகளுக்கு அடியில் சொல்விளக்கம் எழுதுவது அவர்தான்.

“ஒளிஞ்சிருக்கணும்னு நெனக்கிறவளத் தேடிப் போறது நல்லாவா இருக்கு, நானா? பேசாமத் திரும்பிடுவோம்,” என்றார் நல்லையா. பஸீலை அண்ணன் முறையில் ‘நானா’ என்றுதான் அழைப்பார்.

“எந்தச் சொல்லக் கேட்டாலும் முழிக்காம எழுதித் தாறீங்க. ஆளத் தேடச் சொன்னாத்தான் முழிக்கிறீங்க. கவிதையெல்லாம் நமுனுகுல மலை லயத்தப் பத்தி. அவ அங்கதான் இருப்பா. வாங்க.”

அன்று பௌர்ணமிப் போயா விடுமுறை. அவர்கள் இறங்கிய தேயிலைத் தோட்டத்தில் லயத்துப் பெண்கள் பீலியடியில், மலைத் தண்ணீர் கொட்டும் இடத்தில், துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். பஸீல் பத்திரிகையை விரித்து உரக்க வாசித்தார்:

“காம்பராவுக்குள் புகை,
இஸ்தோப்பில் மழை,
பெரட்டில் என் பெயர்.”

“இதுல என்ன மொதலாளி கவித இருக்கு?” என்றாள் கருப்பம்மா, சவர்க்கார நுரைக் கையோடு. “எங்க வீட்டயில்ல எழுதியிருக்கு. உள்ள ஒரு காம்பரா, வெளிய இஸ்தோப்பு, விடிஞ்சாப் பெரட்டு.”

அதுவரை விலகி நின்ற நல்லையாவால் பொறுக்க முடியவில்லை.

“அப்பிடிச் சொல்லாதம்மா. காம்பரா போர்த்துக்கீசன் விட்டுட்டுப் போனது. இஸ்தோப்பு ஒல்லாந்தன் விட்டது. காலையில வேலைக்குப் பேர் கூப்புடுற பெரட்டு, வெள்ளக்காரன் நம்மள வரிசையா நிறுத்துன பரேட்டு. மூணு பேரும் கப்பலேறிட்டான். சொல்லு மட்டும் இன்னும் லயத்துல குடியிருக்கு.”

“வாடகையாச்சும் குடுக்குதா, மாஸ்டர்?”

பீலியடி முழுக்கச் சிரித்தது.

“சரி, இங்க எழுதுற ஆள் யாரும்மா?” என்றார் பஸீல்.

“எழுதுறதுன்னா துஷாந்தினிதான். பள்ளிக்கூடத்தப் பாதியில விட்ட புள்ள. வாயத் தொறக்காது. எந்நேரமும் என்னத்தையோ எழுதிக்கிட்டுக் கெடக்கும்.”

நல்லையா பஸீலின் சட்டையைப் பிடித்து இழுத்தார். “நானா, பஸ் போயிரும்.”

பஸீல் அதற்குள் கடைசி வீட்டு வாசலில் நின்றார். கதவோரமாக ஒரு பெண், தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ எழுதுனதுல ஒண்ணு சொல்லு, மகள்.”

யாருக்கோ ரகசியம் சொல்வது போல் அவள் சொன்னாள்:

“எடை குறைந்த நாளுக்கு அரைப்பேர் போடுவார்கள்.
பாதியில் படிப்பை விட்டவளுக்கும் அரைப்பேர்தான்.
மலைக்கு அந்தக் கணக்குத் தெரியாது,
கூவினால் என் முழுப்பேரையும் திருப்பிச் சொல்கிறது.”

பஸீல் கையிலிருந்த பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்தார்.

“அரைப்பேர்னா?” என்று மெதுவாகக் கேட்டார் பஸீல்.

“கொழுந்து கொறஞ்சா அரநாள் சம்பளம், மொதலாளி. அதான் அரப்பேரு,” என்றாள் பின்னாலேயே வந்திருந்த கருப்பம்மா.

“இதுக்கு வெளக்கம் எழுதணுமா, மாஸ்டர்?” என்றார் பஸீல்.

“வேணாம். இதுக்கு வேணாம்.”

“அப்ப இவதானே? சொல்லு தெரிஞ்சவர் நீங்க, நீங்களே சொல்லுங்க.”

நல்லையா அந்தப் பெண்ணையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தார். “மேடைக்கு இவதான், நானா. சந்தேகமே இல்ல.”

“சேர், ஆனா நீங்க வாசிச்சது நான்...” என்று தொடங்கினாள் துஷாந்தினி.

“அத விடும்மா,” என்று குறுக்கிட்டார் நல்லையா. “ஞாயித்துக்கெழம கவியரங்குல ஒன்னோடத மட்டும் சொல்லு. வருவியா?”

அவள் முதல்முறையாக நிமிர்ந்து தலையாட்டினாள்.

திரும்பும் பஸ்ஸில் பஸீல், நல்லையாவின் தோளில் சாய்ந்து நிம்மதியாகக் குறட்டை விட்டார். நல்லையாவின் போன் அடித்தது. மனைவி விஜயலெட்சுமி.

“என்னங்க, பொம்பளப் பேர்ல எழுதுறது நீங்கதான்னு அந்த மனுசன் கண்டுபிடிச்சிட்டாரா?”

“இல்ல விஜயா,” என்றார் நல்லையா, பஸீலின் தொப்பியைச் சரிசெய்துவிட்டு. “என்னவிட நல்லா எழுதுற லயத்துக்காரியக் கண்டுபிடிச்சிட்டாரு. இனிமே நான் வெளக்கம் மட்டும் எழுதுனாப் போதும்.”