எட்டு மாதத் தண்ணீர்

“விஷந்தான் சார், வேற ஒண்ணும் கெடையாது. வச்சவளையும் வரச் சொல்லியிருக்கேன். அதோ நிக்கிறா பாருங்க” என்றார் துரைக்கண்ணு.

வாசலில் சவுரியம்மாள் நின்றிருந்தாள். பத்து நாள் முன்புவரை இந்த வீட்டில் பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கியவள். இப்போது படியேறவும் அனுமதி இல்லை. தெருவில் போகிறவர்கள் நின்று நின்று பார்க்க, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

செபஸ்தியான் விழுப்புரத்தில் வண்ணமீன் கடை வைத்திருப்பவர். மீனுக்கு வைத்தியம் பார்க்கத்தான் பஸ் பிடித்துத் திண்டிவனம் வந்திருந்தார். வந்த இடத்தில் மீனைக் காட்டாமல் மனுஷியைக் காட்டினால் அவர்தான் என்ன செய்வார்? சங்கடத்தோடு தொட்டிப் பக்கம் திரும்பினார்.

தெருவே டி.வி. பெட்டி வாங்கியபோது, துரைக்கண்ணு மட்டும் வீம்புக்கு வாங்கிய இரண்டடிக் கண்ணாடித் தொட்டி அது. நாலு ஏஞ்சல் மீன்களில் ஒன்று முந்தாநாள் செத்துவிட்டது. மற்ற மூன்றும் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

“எப்பலேர்ந்து இப்படி இருக்கு?”

“இவ கைய வச்ச நாள்லேர்ந்து! ரயில் பாஸை மறந்துட்டேன்னு ஸ்டேஷன்லேர்ந்து திரும்பி வந்தேன். வந்து பாத்தா, தொட்டிக்குள்ள முழங்கை வரைக்கும் உட்டுக்கினு நிக்கிறா. கையில சொம்பு வேற. அதுல என்னத்தக் கலந்து எடுத்துக்கினு வந்தாளோ! அவ கையும் அவளும்… இவங்க ஜனங்களே இப்படித்தான்…”

சட்டென்று நிறுத்தினார். செபஸ்தியானின் கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை தொங்கிக்கொண்டிருந்தது.

செபஸ்தியான் காதில் விழாதவர்போல் பையைத் திறந்தார். காப்பி கொண்டுவந்த கிருஷ்ணவேணிக்குத்தான் மானம் போயிற்று. புருஷன் பேச்சை எதையாவது போட்டு மூடியாக வேண்டுமே!

“என்னா வெய்யிலுங்க இந்த வருசம்! இத்தினி மாசமா பூத்துக் கொட்டுன கெணத்தடி மல்லிகூட பத்து நாள்ல கருகிப் போச்சு.”

“நீ சும்மா இரு” என்று அவளை அடக்கிவிட்டு, துரைக்கண்ணு குரலைத் தாழ்த்தினார். “தெரு பூரா சொல்லிட்டேன் சார். எதிர்வீடு, அடுத்த வீடு, ரெண்டு பேரும் இவள வேலைய உட்டு நிறுத்திட்டாங்க. நாளைக்கு நான் அபாண்டம் சொன்னேன்னு ஆயிடக் கூடாது. விஷம்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

“மாதா சத்தியமா நான் விஷம் வைக்கல சார்” என்றாள் சவுரியம்மாள் வாசலிலிருந்து.

“அப்ப கைய உட்டு என்னாடி பண்ண?”

அதற்கு மட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை. பத்து நாளாக இதே கதைதான்.

செபஸ்தியான் ஒரு மீனை வலையில் எடுத்துப் பார்த்தார். வால் ஓரம் அரித்திருந்தது, செவுள் வீங்கிச் சிவந்திருந்தது. மீனை விட்டுவிட்டு, ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீரை மொண்டு முகர்ந்தவர் முகத்தைச் சுளித்தார்.

“விஷம்னா நாலும் ஒரே நாள்ல போயிருக்கும் சார். இப்படி இழுத்துக்கினு கெடக்காது. தீனி எத்தினி வேளை?”

“ரெண்டு வேளை. ஒடம்பு சரியில்லையேன்னு இப்ப மூணு வேளை போடறேன்.”

“தண்ணி எப்ப மாத்துனீங்க?”

துரைக்கண்ணு நெஞ்சை நிமிர்த்தினார். “மாத்தறதாவது! பழைய தண்ணிதான் மீனுக்கு நல்லதுன்னு வாங்குன எடத்துல சொன்னாங்க. எட்டு மாசமா ஒரு சொட்டு மாத்தல, ஒருத்தரையும் தொட உடல. கண்ணாடியாட்டம் இருக்கும். தண்ணி ஒரு விரக்கடைகூடக் கொறஞ்சதில்ல. இவ கைய வச்ச பின்னாடிதான் ரெண்டு விரக்கடை எறங்கிடுச்சி. ஓட்டையும் போட்டுட்டாளோ என்னமோ!”

செபஸ்தியான் தொட்டியின் நாலு மூலையையும் தடவிப் பார்த்தார். “ஓட்டை இல்ல சார். இந்த வெயிலுக்குத் தண்ணி தானா வத்தும். எட்டு மாசமா கொறையவே இல்லையா?”

“இல்லவே இல்ல.”

“அப்ப நான் சொல்றத கோச்சிக்காம கேளுங்க. நீங்க போடற தீனிக்கு, தண்ணி மாத்தாம ரெண்டு வாரம் உட்டாலே மீனு மெதந்துடும். எட்டு மாசம் உயிரோட இருந்திருக்குன்னா, யாரோ தினம் அழுக்குத் தண்ணிய எடுத்துட்டு நல்ல தண்ணி ஊத்திக்கினு இருந்திருக்காங்க. பத்து நாளா அது நின்னுபோச்சு. மீனுக்கு வந்த சீக்கு அவ்வளவுதான்.”

துரைக்கண்ணு மனைவியைப் பார்த்தார். “நீயா?”

“நான் அந்தப் பக்கமே போறதில்லீங்க” என்ற கிருஷ்ணவேணியின் பார்வை மெல்ல வாசலுக்குப் போனது.

துரைக்கண்ணுவுக்குக் காது மடல் இரண்டும் சுட்டன. தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் இப்போது ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்ன, தானே படியிறங்கி அவள் எதிரில் போய் நின்றார்.

“ஏம்மா… அன்னிக்கு… கையில சொம்பு…”

சவுரியம்மாள் தலை நிமிரவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்கிறவள் குரலில் சொன்னாள்:

“தினம் ரெண்டு சொம்பு மொண்டு மல்லிக்குத்தான் ஊத்துவேன் சார்… அன்னிக்குதான் நீங்க பாத்துட்டீங்க.”