புகாருக்குப் பதில்

“மேல் வீட்டு மகாராணி! மறுபடியும் என் துணி மேல தண்ணியா? எழுந்து வந்து பதில் சொல்லுடி!”

கீழ் வீட்டுக்காரியின் குரல் காலங்காத்தாலேயே பால்கனி வழியாக ஏறி வந்தது. அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா ஒரு பள்ளியில் துணைத் தலைமை ஆசிரியை. அவள் வராந்தாவில் நடந்தால் ஃபேன்கூடச் சத்தமில்லாமல் சுற்றும் என்று பேர். தங்கைக்குத் திரும்பவும் ‘அது’ வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் லீவு போட்டுவிட்டு, பெட்டி நிறையப் புத்திமதியோடு வந்து இறங்கியிருந்தாள்.

‘அது’ என்றால் பைபோலார். சில மாதம் தங்கையைக் கையில் பிடிக்க முடியாது. சில மாதம் கட்டிலை விட்டு எழுப்ப முடியாது. இப்போது கட்டில் பருவம்.

“மாத்திரை தவறக் கூடாது. தினமும் ஒரே நேரத்துக்கு எழுந்திருக்கணும். ரெண்டும் தப்பினா ஆஸ்பத்திரியில சேர்க்க வேண்டியிருக்கும்” என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டாவதை அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. முடியாதவளைப் போய் எழுப்புவார்களா?

தங்கை போர்வையை விலக்கிவிட்டுத் தள்ளாடியபடி பால்கனிக்குப் போனாள்.

“எங்க வீட்லேருந்து சொட்டல. மொட்டைமாடிக் குழாயைப் போய்ப் பாருங்க.”

“என் காதுல பூ சுத்தாதே!”

“அதுல ஏற்கெனவே அடைப்பு. பூ வேற எதுக்கு?”

இப்படியே கொஞ்ச நேரம் நடந்தது. எழுந்ததுதான் எழுந்தோம் என்று தங்கை முகம் கழுவினாள், ரொட்டியில் பாதியைக் கடித்தாள், மாத்திரையை விழுங்கினாள். அதெல்லாம் அக்கா கண்ணில் படவில்லை. பாவம், மல்லுக்கு நின்றே பிள்ளை துரும்பாய் இளைத்துவிட்டாள் என்பது மட்டும்தான் பட்டது.

அக்கா பால்கனியை ஆராய்ந்தாள். பூந்தொட்டியில் மண் வெடித்துக் கிடந்தது. தண்ணீர் கண்டு எத்தனை நாளோ! அப்படியென்றால் புகாரே புளுகு.

தொட்டியைத் தூக்கிக்கொண்டு நேராகக் குடியிருப்போர் சங்கச் செகரட்டரி வீட்டுக்குப் போனாள். அவர், வீட்டுப்பாடம் செய்யாத பையன் மாதிரி எழுந்து நின்றார். கீழ் வீட்டுக்காரியை ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

“சார், இந்த மண்ணைத் தொட்டுப் பாருங்க. இதுலேருந்து எப்படி சார் சொட்டும்?”

கீழ் வீட்டுக்காரி தொட்டியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள்.

“சரி. காரணமில்லாம இனிமே கத்த மாட்டேன்.”

அக்கா கோப்பை ஜெயித்தவள் போலத் தொட்டியோடு படியேறினாள்.

அதற்கப்புறம் வீட்டில் அமைதி தாண்டவமாடியது. அக்கா திரைச்சீலையை இழுத்துவிட்டாள், மொபைலில் புல்லாங்குழல் வைத்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “நல்லதையே நினைம்மா. உனக்கென்ன குறைச்சல்? உன்னைவிடக் கஷ்டப்படறவங்க எத்தனை பேர்!” என்று கிசுகிசுத்தாள். புத்திமதி ஏற ஏறப் போர்வையும் ஏறியது. முதலில் பல் தேய்ப்பது நின்றது. பிறகு சாப்பாடு நின்றது. கடைசியில் மாத்திரையைக் கண்டாலே தங்கை உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

அக்கா பயந்துபோய் டாக்டருக்குப் போன் செய்தாள்.

“நாளைக்கும் மாத்திரை உள்ளே போகலேன்னா கூட்டிட்டு வந்துடுங்க, சேர்த்துடலாம்.”

பழி போட ஓர் ஆள் வேண்டுமே. அக்கா தடதடவென்று கீழே ஓடினாள். கீழ் வீட்டுக்காரி வெள்ளை விரிப்பைக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“எல்லாம் உங்களாலதான்! கத்திக் கத்தியே அவளை இந்தக் கதிக்குக் கொண்டுவந்துட்டீங்க!”

“உங்க தங்கச்சி என்ன வேலை பாக்கறா, டீச்சர்?”

“ஏன், மின்விசிறிக் கம்பெனியில. புகார்ப் பிரிவு.”

“போன தடவை எழுந்து நடமாட ஆரம்பிச்சதும் என்கிட்ட வந்தா. ‘இது மறுபடி வரும்க்கா. வந்தா ஆறுதல் சொல்ல வராதீங்க, இன்னும் இழுத்துப் போத்திக்குவேன். தினம் காலையில ஒரு புகாரோட வாங்க. பொய்னு தெரிஞ்சாலும் பதில் சொல்லாம என்னால படுத்திருக்க முடியாது’ன்னா.”



“இதைச் செகரட்டரி முன்னாடியே சொல்லியிருக்கலாமே!”

“அவ வியாதியை நான் எதுக்கு ஊருக்குத் தண்டோரா போடணும்?”

சுருக்கென்று தைத்தது. அக்கா குரலை இறக்கினாள்.

“கெஞ்சிக் கேக்கறேன். இப்ப ஒரே ஒரு தடவை கத்துங்களேன்.”

“காரணமில்லாம கத்த மாட்டேன்னு வாக்குக் கொடுத்துட்டேன். நீங்கதானே வாங்கினீங்க?”

அவள் க்ளிப்பை மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அக்கா படியேறினாள். குளியலறையிலிருந்து ஒரு வாளி நிறையத் தண்ணீரைத் தூக்க மாட்டாமல் தூக்கி வந்தாள். பால்கனிக்குக் கீழே கொடி முழுக்க வெள்ளை வெளேரென்று விரிப்புகள். வாழ்நாளில் அவள் ஒரு விதியைக்கூட மீறியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கவிழ்த்தாள்.

“அடியேய்! எவடி அவ?”

இந்தத் தடவை அதில் நடிப்பு இல்லை.

“மன்னிச்சுக்கோங்க… தெரியாம… கை தவறி…” அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு உளறினாள்.

பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.

“நகருக்கா. உனக்குப் பதில் சொல்லவே தெரியல.”