எல்லைக்கல்

“மல்காஜ்கிரியில எங்க கேட்டாலும் இதே ரேட்டுதான் சார். சரிவு நிலம், வேலிக் கல்தூணைப் படிப்படியா இறக்கணும். செலவு ரெண்டு மடங்காகும்” என்றார் மேஸ்திரி.

“பாதியைக் கீழ்வீட்டுக்காரர் கொடுக்கட்டும்!” தேவராஜ் வேண்டுமென்றே உரக்கச் சொன்னார்.

சரிவில் அடுத்திருந்த கீழ்வீட்டு சிவஞானம் தயங்கியபடி மேலேறி வந்தார். “நமக்குள்ள வேலி எதுக்கு சார்?”

“காசுன்னதும் வேலி கசக்குதோ?”

சிவஞானம் தலைகுனிந்தார். “சரி சார், தந்துடறேன்.”

தூணுக்குக் குழி தோண்டியபோது, தேவராஜ் வீடு கட்டுகையில் சரிவை மேடாக்கக் கொட்டிய மண்ணுக்கடியில் எல்லைக்கல் அகப்பட்டது. அதிலிருந்து பிடித்த கயிறு, தேவராஜின் சமையலறைச் சுவரில் முட்டி நின்றது. பாதிச் சமையலறை சிவஞானத்தின் மனையில் இருந்தது.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?” தேவராஜ் மெதுவாகக் கேட்டார்.

“கிரகப்பிரவேசத்தன்னிக்கு நீங்க பால் காய்ச்சறப்பவே தெரியும் சார். நல்ல நாளும் அதுவுமா எதுக்குச் சொல்றதுன்னு விட்டுட்டேன்.”