டெஸ்டருக்குள் ஒரு விளக்கு

கவரைப்பேட்டையில் பாசஞ்சரை நிறுத்திவிட்டார்கள். எக்ஸ்பிரஸுக்கு வழி விட வேண்டுமாம்.

விக்டோரியா எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்து கதவோரம் போனாள். எக்ஸ்பிரஸில் போகிறவர்களுக்கு மட்டும்தான் உயிர் போகிற அவசரம் போலிருக்கிறது.

அவள் கணவன் சாலமோன் பொன்னேரியில் ஓர் அரிசி ஆலையில் வயர்மேன். இன்றைக்கு ஒரு மணிக்கு மோட்டார் லைனைப் பிரிக்கப்போகிறான். எந்தக் கம்பியில் கரண்ட் இருக்கிறது என்று டெஸ்டரை வைத்துப் பார்ப்பான். அதற்குள் இருக்கும் குட்டி விளக்கு எரியாவிட்டால், வெறுங்கையால் கம்பியைப் பிடிப்பான்.

அந்த விளக்கு எரியாது.

கும்மிடிப்பூண்டியில் அவள் வேலை செய்யும் பட்டறையில்தான் அந்த நியான் விளக்குகளைச் செய்கிறார்கள். கண்ணாடிக்குள் நியானோடு துளி ஆர்கானும் கலக்க வேண்டும், அழுத்தமும் அளவோடு இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை ஆர்கான் தீர்ந்தது தெரியாமல் நிரப்பினார்கள், போதாததற்கு அழுத்தத்தையும் ஏற்றிவிட்டார்கள். வீட்டுக் கரண்டுக்கு அந்த விளக்குகள் கண்ணே திறக்கவில்லை. அத்தனையும் கழிவு. கழிவை யார் வேண்டுமானாலும் வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

அதில் ஒன்றுதான் இன்று காலை முதல் சாலமோனின் டெஸ்டரில் இருக்கிறது. மாட்டிக் கொடுத்தவள் அவள்.

பதினொரு மணிக்கு மேல் அவளுக்குக் கை ஓடவில்லை. வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடி வந்துவிட்டாள்.

ரயில் பொன்னேரி சேரும்போது மணி ஒன்று ஐந்து. செருப்பு அறுந்ததைக்கூடப் பார்க்காமல் ஓடினாள். ஆண்டவரே, ஆண்டவரே என்று வாய் முணுமுணுத்தது.

ஆலை வாசலில் சாலமோன் பீடி குடித்துக்கொண்டு நின்றான்.

அவளுக்கு அப்படியே தரையில் உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது.

“இன்னாடி, இங்க வந்துக்கிற? உங்க கம்பெனி வெளக்கு சுத்த வேஸ்ட்டு. மொதல்ல கரண்ட் ஓடற லைன்ல வெச்சிப் பாத்தேன், எரியவே இல்ல. எந்த வயர்மேனும் அப்டிப் பாத்துட்டுதான் கைய வெப்பான். நாளிக்கு நல்லதா ஒண்ணு பாத்து எட்த்துக்கினு வா.”

அவன் நீட்டிய விளக்கை இடது கையால் வாங்கினாள். வலது மணிக்கட்டு இன்னும் வீங்கியிருந்தது. முந்தாநாள் அவன் முறுக்கியது.

எரிகிற விளக்கு, எரியாத விளக்கு என்று பிரித்துப் போடுவதுதான் பட்டறையில் அவள் வேலை. மூன்று வருஷத்தில் ஒரு விளக்கைக்கூட அவள் மாற்றிப் போட்டதில்லை.