பத்துக்கு மூன்று

திங்கட்கிழமை பேப்பரில் எவெனுக்கு மறுபடியும் பத்துக்கு மூன்று.

"இந்த ஆளுக்குக் கண்ணு தெரியுதா, இல்லையா?" என்று பேப்பரைக் கவுண்டரில் போட்டான் ஃபான்ஷ். ஸ்டேடியத்துக்கு எதிரே காப்பிக்கடை வைத்திருப்பவன்.

இந்த ஆள் என்றால் எர்வே. பிரான்ஸில், பிரெத்தாஞ் கடற்கரையில் இருக்கும் எங்கள் துறைமுக ஊரின் பேப்பருக்கு முப்பது வருடமாகக் கால்பந்து எழுதுகிறவர். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு வீரருக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார்.

எவெனுக்குப் பதினேழு வயது. பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். ஜனவரியில்தான் முதல்முறையாக எங்கள் அணியில் நடுக்களத்தில் இறங்கினான். அன்றைக்கு அவன் கொடுத்த பாஸ்களைப் பார்த்துவிட்டு மொத்த ஸ்டேடியமும் எழுந்து நின்றது.

"முதுகுலயும் ரெண்டு கண்ணு வச்சிருக்கான்," என்றான் ஃபான்ஷ்.

எர்வே மூன்று போட்டார்.

அடுத்த வாரமும் மூன்று. 'துணிச்சல் போதாது' என்று ஒரு வரி. அதற்கடுத்த வாரம், 'நண்டு மாதிரி பக்கவாட்டிலேயே நகர்கிறான்.'

ஐந்தாவது வாரம் ஃபான்ஷுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"எர்வே சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு. பையன் பந்தைப் பின்னாலதான தள்றான்?"

எவென் அதே பாஸைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தான். ஏழாவது வாரம் அவன் காலுக்குப் பந்து வந்தாலே விசில் அடித்துக் கேலி செய்தார்கள். கோச் மட்டும் விடாமல் அவனை இறக்கினார். அவருக்குப் பேப்பர் படிக்கிற பழக்கமில்லை.

மார்ச்சில் ஒரு பெரிய கிளப்பிலிருந்து இரண்டு பேர் அவன் ஆட்டத்தைப் பார்க்க வந்தார்கள். ஃபான்ஷ் கடையில் காப்பி குடித்தபடி, அங்கே கிடந்த பழைய பேப்பர்களைப் புரட்டினார்கள். மழை வேறு பிடித்துக்கொண்டது. ஸ்டேடியத்துக்குள் போகாமலேயே ரயிலேறிவிட்டார்கள்.

எவெனின் அம்மா ரொசென், சந்தையில் மீன்கடை வைத்திருக்கிறவள். அந்தச் சனிக்கிழமை எர்வே அவள் கடைக்கு வந்தார்.

"ஒரு கிலோ மத்தி குடும்மா."

"உங்களுக்கு இல்ல."

"இவ்வளவு கொட்டிக் கிடக்கே?"

"பூனைக்குப் போட்டாலும் போடுவேன். ஒரு சின்னப் பையனோட வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிற ஆளுக்குத் தரமாட்டேன்."

சந்தையே திரும்பிப் பார்த்தது. எர்வே காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார். முந்தின வாரம்வரை விசில் அடித்த ஃபான்ஷ், ஓடிவந்து ரொசென் கையைக் குலுக்கினான்.

"நல்லா கேட்டே. அந்தாளுக்கு மனசாட்சியே கிடையாது."

ஏப்ரலில் எவெனே பேப்பர் ஆபீஸுக்குப் போய் எர்வே முன்னால் நின்றான்.

"நான் என்ன தப்பு பண்றேன் சார்? சொன்னீங்கன்னா திருத்திக்கறேன்."

எர்வே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"பரீட்சை எப்போ?"

"ஜூன்ல. அதுக்கும் இதுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"ஒண்ணுமில்ல. போய்ப் படி."

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன் சாப்பிடவில்லை. "பேசாம ஆட்டத்தையே விட்டுடட்டுமாம்மா?" என்றான்.

ரொசென் அவன் முகத்தைப் பார்க்காமல் தட்டை நகர்த்தி வைத்தாள். "முதல்ல பரீட்சை முடியட்டும். அப்புறம் பேசலாம்."

எந்தக் கிளப்பும் தேடி வராததால் படிக்க அவனுக்கு நிறைய நேரம் கிடைத்தது. ஜூலையில் பள்ளி வாசலில் ஒட்டிய பட்டியலில் அவன் பெயர் இருந்தது. நல்ல மார்க்கோடு.

ஆகஸ்டில் புது சீசனின் முதல் ஆட்டம். திங்கட்கிழமை பேப்பரில் எவெனுக்குப் பத்துக்கு ஒன்பது. 'இவன் இப்போது பார்க்கிற இடம் மற்றவர்களுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தெரிகிறது' என்று எழுதியிருந்தார் எர்வே.

"நான்தான் அப்பவே சொன்னேன்ல?" என்றான் ஃபான்ஷ்.

மாதம் முடிவதற்குள் பெரிய கிளப்பின் அந்த இரண்டு பேரும் ஒப்பந்தத்தோடு வந்தார்கள். இந்தத் தடவையும் ஆட்டம் எதையும் பார்க்கவில்லை. பேப்பரைப் பார்த்ததே போதுமாக இருந்தது.

எவெனை வழியனுப்ப ஃபான்ஷ் கடையில் ஊரே கூடியது. ஃபான்ஷ் ஆப்பிள் கள் கோப்பையை உயர்த்திப் பிடித்தான்.

"அந்த எர்வே என்ன மிதி மிதிச்சும், எங்க ஆதரவுல எழுந்து வந்துட்டான் நம்ம பிள்ளை."

எல்லோரும் கைதட்டினார்கள். வாசல்வரை வந்திருந்த எர்வே அப்படியே திரும்பிவிட்டார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

மறுநாள் மாலை அவர் வீட்டுக் கதவைத் தட்டியது ரொசென். உள்ளே வந்தவள் கதவைச் சாத்தினாள்.

"சின்னவன் மாலோவும் இந்த வருஷம் டீமுக்கு வர்றான்."

"கேள்விப்பட்டேன். அண்ணனைவிட நல்லா ஆடறானாமே?"

"அதான் பயமா இருக்கு. என் தம்பியும் நல்லாத்தான் ஆடினான். பெரிய கிளப் கூப்பிடுதுன்னு படிப்பைப் பாதியில விட்டுட்டுப் போனான். இருபது வயசுல முட்டி போய்த் திரும்பி வந்தப்போ, அவனுக்கு வேற எந்த வேலையும் தெரியாது."

"அன்னைக்கு அவனுக்குப் பத்துக்குப் பத்து போட்டதே நான்தான்," என்றார் எர்வே.

ரொசென் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்:

"மாலோவுக்குப் பரீட்சை அடுத்த ஜூன்ல. நான் கேட்டேன்னு எவெனுக்குப் போட்ட மாதிரியே, இவனுக்கும் அதுவரைக்கும் மூணே போட்டுடுங்க. சந்தையில நான் வழக்கம்போலத் திட்டிக்கறேன்."